ஏணையை அவிழ்த்துவிட்டேன், ரேவதி

என் சண்டைக்காரி ரேவதிக்கு,

முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். பாப்பா பால் குடிக்கிறாளா? குடிக்கிறாள். பாட்டில் காலியான பிறகும் ரப்பரை விடாமல் கடித்து இழுக்கிறாள். கோபம் வந்தால் மூக்கு விடைக்கிறது. அதை யாரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தாள் என்று தெருவுக்கே தெரியும்.

கயல் என்றுதான் பேர் வைத்தேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு நீ கூப்பிட்ட பேர். குலதெய்வத்தின் பேரைத்தான் வைக்கவேண்டும் என்று உன் வீடும் என் வீடும் சேர்ந்து சொன்னார்கள். நம் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வீடும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. இருந்தும் நான் கேட்கவில்லை.

ஆனால் இந்தக் கடிதம் வேறொரு சண்டையைப் பற்றியது. அடுத்தவர் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உன் சேலையில் கட்டியிருந்த ஏணையை அவிழ்த்துவிட்டேன்.

பிரசவம் ஆன சூட்டோடு காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். காரியம் முடிந்த மறுநாள் உன் அக்காதான் அந்தப் பச்சைப் பருத்திச் சேலையைத் தறிக்குப் பக்கத்தில் உத்திரத்தில் கட்டி, குழந்தையை உள்ளே போட்டார். "அம்மா வாசனையாவது இருக்கட்டும் தம்பி" என்றார். வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?

அதிலிருந்து கயல் தரையைத் தொடவே இல்லை. ஏணையில் கிடப்பாள், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் மடியில் இருப்பாள். பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா காலையில் தூக்கினால் சாயங்காலம் எதிர்வீடு. லேசாக முனகினால் போதும், "தாயில்லாப் புள்ள, பாவம்பா" என்று நாலு கை நீளும். என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்தேன். ஏணைக்கு ஒரு கயிறு கட்டி, நான் கால் விட்டு நெய்கிற தறிக்குழிக்குள் என் மிதிகட்டையோடு சேர்த்துவிட்டேன். நான் நெய்ய நெய்ய அவள் ஆடினாள். பட்டும் வளர்ந்தது, குழந்தையும் தூங்கியது. தெருவே வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனது. நீ இருந்திருந்தால் அந்தக் கயிற்றை அன்றைக்கே அறுத்திருப்பாய்.

மூன்றாவது ஊசிக்குக் கொஞ்சம் தள்ளித்தான் கூட்டிப் போனேன். நாலு மாதம் தாண்டியிருந்தது. நர்ஸம்மா அவள் இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். தலை பின்னால் தொங்கியது. பின்னந்தலை தட்டையாக இருந்தது. இன்னும் தலை நிற்கவில்லையே என்று டாக்டரிடம் அனுப்பினார்கள், டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என்னென்ன தோன்றியது என்று உனக்குக்கூடச் சொல்லமாட்டேன்.

பிசியோதெரபி பார்க்கிற பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். கயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நரம்புல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் பாத்துட்டாங்கண்ணா. நீங்க யாரும் கழுத்துக்கு வேலையே குடுக்கல. முழிச்சிக்கினு இருக்கும்போது தரையில குப்புற விடுங்க. பால் குடிச்ச உடனே வேணாம். துணிய சுருட்டி நெஞ்சுக்கடியில வைங்க. பக்கத்துலயே இருக்கணும். தூங்கும்போது மட்டும் மல்லாக்க."

"அழுவாளேம்மா?"

"அழுவா. ரொம்ப அழுதா தூக்கிடுங்க. அப்பால மறுபடியும் விடுங்க. மேல நின்னுக்கினு கூப்பிடாதீங்கண்ணா. உங்க மூஞ்சி அவ கண்ணுக்கு நேரா இருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்தேன். பிறகு ஏணையை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிக்கிடந்தது, பல்லால் கடித்துத்தான் பிரிக்க முடிந்தது. உன் சேலையில் பாதியைப் பாய்மேல் மடித்து விரித்தேன். மீதியைச் சுருட்டி அவள் நெஞ்சுக்கடியில் கொடுத்தேன். கோர்வைச் சேலைக்குக் கரை நெய்கிற நாடாவைத் தள்ள நீ உட்காருவாயே, தறியின் அந்தப் பக்கம்தான். குழி விளிம்பிலிருந்து கை எட்டும் தூரம் தள்ளிப் படுக்க வைத்துவிட்டு, நான் குழிக்குள் இறங்கிக் குந்தினேன். என் மோவாய் தரைமட்டத்துக்கு வந்தது. அவள் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர். பரம்பரை பரம்பரையாக நாங்கள் குழியில் இறங்கியதற்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

அவள் மூக்கைச் சேலையில் புதைத்துக்கொண்டு கத்தினாள். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டுத் தட்டிக்கொடுத்தேன். அன்று தலை எழும்பவில்லை. மறுநாளும் இல்லை. வாசலில் கூட்டம் சேர்ந்தது.

"பாவம்பா, தூக்குப்பா."

"அம்மா ஏக்கம்பா. அதான் தலை நிக்கல. தரையில போட்டா நின்னுடுமா?"

"செத்தவ சேலைய இப்பிடியா தரையில போட்டு வைப்பாங்க?"

எனக்கு வந்தது பார் ஒரு கோபம்! நீ இல்லை என்பதற்காக இவள் தலை சாய்ந்தே கிடக்கவேண்டுமா? உன் சாவை இவள் கழுத்தில் ஏன் ஏற்றுகிறார்கள்? இந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் செருப்போடு 'பாவம்' என்ற சொல்லையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். பாத்திமா அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு கிலுகிலுப்பையோடு வந்தார், அந்தச் சொல் இல்லாமல்.

விஷயம் அக்கா ஊரான தாமலுக்குப் போகாமல் இருக்குமா? உன் அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார், கையில் ஒரு காலிப் பையோடு. பிள்ளையின் துணிமணியை எடுத்துப்போக வந்த பை அது.

நான் குழிக்குள் இருந்தேன். கயல் எதிரே குப்புறக் கிடந்து சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"தூக்குங்க தம்பி."

"இப்பதான் விட்டேன் அண்ணி. கொஞ்சம் இருங்க."

"ஆம்பள ஒண்டியா வளக்க முடியாது. என்கிட்ட குடுத்துடுங்க. எம் புள்ளைங்களோட ஒண்ணா வளரட்டும்."

"முடியாது அண்ணி. அவ இங்கதான் இருப்பா."

கயல் அழுகையைக் கொஞ்சம் கூட்டினாள். உன் அக்கா ஓரடி முன்னால் வந்தார். நான் எடுக்காதீங்க என்று கையை நீட்டினேன். இவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? அந்தப் பை நிரம்பிவிட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன மிஞ்சும்?

அப்போதுதான் அவர் கத்தினார்.

"யோவ்! உனக்கு இன்னாய்யா, மனசு கல்லா?"

அவர் என்னை அதுவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை, ரேவதி. அது நீ கூப்பிடுவது. குரலும் அப்படியே உன் குரல். அடுப்படியிலிருந்து நீதான் கத்துகிறாய் என்று நானே திடுக்கிட்டு நிமிர்ந்தேன்.

கயலும் நிமிர்ந்தாள்.

அழுகை நின்றது. நெற்றி சேலையை விட்டு எழும்பியது, பிறகு மூக்கு, பிறகு மோவாய். தலை ஆடியது. கழுத்தில் மடிப்பு விழ, குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பொத்தென்று சாய்ந்தாள்.

உன் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க பாத்துது?"

"உங்களத்தான் அண்ணி. இன்னொரு வாட்டி திட்டுங்க."

அழுதுகொண்டே திட்டினார். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவனே என்றார், திமிர் பிடித்தவனே என்றார், உன்னை நம்பி அவளைக் கொடுத்தோமே என்றார். ஒவ்வொரு திட்டுக்கும் தலை எழும்பியது. நான் குழிக்குள் நின்றுகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

அன்று அந்தப் பை காலியாகவே திரும்பிப் போனது. அடுத்த முறை முருங்கைக்காயும் கத்தரிக்காயுமாக வந்தது. இப்போது உன் அக்கா வந்தால் நேராகக் குழிக்குள் இறங்கிவிடுகிறார். குழந்தையைக் கொடு என்று பிறகு கேட்கவில்லை. பிசியோதெரபிப் பெண்ணும் போன வாரம் பார்த்தாள். கையைப் பிடித்துத் தூக்கினால் தலை உடம்போடு சேர்ந்து வருகிறது. தலை நின்றுவிட்டது, ரேவதி.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. பால்காரரோடு, பட்டு முதலாளியோடு, கரன்ட் ஆபீசோடு, என்னோடு என்று யாரையும் விடாமல் சண்டை போட்டாய். அந்தக் காய்ச்சலோடும் கொஞ்சம் போட்டிருக்கக் கூடாதா? படத்துக்கு முன்னால் நின்று இதைக் கேட்டால் அழுகை வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஏணையை இனிக் கட்டமாட்டேன். வேலை இல்லாத நேரத்தில் குழியை மூட ஒரு பலகை அடித்துவிட்டேன். இவள் புரளுவாள், தவழுவாள், படி தாண்டுவாள். யாருடைய பாவத்தையும் சுமக்காமல் தாண்டுவாள். உன் சேலை அதுவரை தரையில்தான் கிடக்கும். ஒருநாள் அதை மிதித்துக்கொண்டு எழுந்து நின்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவுக்கு நடந்து போவாள். போகட்டும் என்று விட்டுவிடுவேன். நீயும் கோபித்துக்கொள்ளாதே.

உன்னிடம் இன்னும் திட்டு வாங்க ஆசைப்படும்,
கயலின் அப்பன், உன் வீட்டுக்காரன்.