அம்மாவுக்காகப் பேசிய பிள்ளைகள்

2023 மே 8, திங்கள்

நான் கொடுத்த ஆய்வுத் தலைப்புத் திரும்பி வந்துவிட்டது.

ஆய்வை மேற்பார்க்கும் வீரசிங்கம் சேர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். என் பக்கங்களை அமைதியாகப் புரட்டினார்.

"விசயம் நல்லம், நிரோஷினி. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பொலிசுக்குப் போனா சிங்களம் தெரியாம என்ன பாடுபடுகினம் எண்டு கேட்கத்தான் வேணும். ஆனா நீங்கள் குடுத்திருக்கிறது முழுக்கப் பேப்பர்ச் செய்தி. ஆய்வுக் கட்டுரை ஒண்டுகூட இல்லையே."

மாத முடிவுக்குள் சரியான மூலங்களோடு போக வேண்டும். இல்லாவிட்டால் கண்டி நகர வாகன நெரிசலை எடுக்கட்டுமாம். அதற்கு ஓர் அலுமாரி நிறையக் கட்டுரைகள் இருக்கின்றனவாம்.

வாகன நெரிசல். பொலிஸ் கற்கையில் இறுதி வருடம் வரை வந்தது இதற்கா?

மே 10, புதன்

காலை முழுவதும் நூலகக் கணினியில். இலங்கை, தமிழ், பொலிஸ் என்று போட்டால் யுத்தம் வருகிறது. தோட்டம் என்று சேர்த்தால் தேயிலை விலை வருகிறது, மண்ணரிப்பு வருகிறது, கொழுந்தைத் தின்னும் பூச்சி வருகிறது. பூச்சிக்குக் கிடைத்த மரியாதைகூட எங்கள் ஆட்களுக்கு இல்லை.

மே 11, வியாழன்

இன்றும் ஒன்றுமில்லை.

மே 15, திங்கள்

கிடைத்துவிட்டது! முதலில் இருந்தே எழுதுகிறேன்.

கைரியா என் வகுப்புத்தான், கட்டுகஸ்தோட்டைக்காரி. மதியம் என் திரையை எட்டிப் பார்த்தாள். "நீ ஒன்ட ஊரையே தேடிக்கிட்டு ஈக்கிறாய். பாஷை தெரியாத நாட்டுக்குப் போய்க் குடியிருக்கிற ஆக்கள் எவ்வளவு பேர் ஈக்கிறாங்க? அவங்க பொலிசுக்குப் போனா என்ன செய்வாங்க? அதைத் தேடேன்."

ஊர்ப் பெயர்களை எல்லாம் அழித்தேன். பொலிஸ், மொழிபெயர்ப்பு என்று மட்டும் ஆங்கிலத்தில் போட்டேன். பக்கம் பக்கமாக வந்தது. இருவரும் ஆளுக்கொரு கட்டுரையாகத் திறந்தோம். ஒன்றில் போகிற போக்கில் ஒரு வரி: மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடங்களில் பொலிசார், முறைப்பாடு செய்ய வந்தவரின் பிள்ளையையே பேச வைக்கிறார்கள்.

அடிக்குறிப்பைப் பார்த்தேன். அதில் இன்னொரு கட்டுரை. அதன் கடைசிப் பக்கத்தில் இன்னும் பல. வைத்தியசாலையில், வங்கியில், பாடசாலையில், பொலிஸில் பெற்றோருக்காகப் பேசும் பிள்ளைகள். இதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஆராய்கிறார்களாம். இதற்கென்று தனியாக ஒரு பெயரே இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பாடசாலையிலும் கடைத்தெருவிலும் பொறுக்கிய சிங்களம் எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. தோட்டத்தில் ஒருவன் தன்னைத் தள்ளிவிட்டான் என்று முறைப்பாடு கொடுக்க அம்மா என்னையும் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேசை என் கழுத்து உயரம். அம்மா சொல்லச் சொல்ல நான் சொன்னேன், அந்த அதிகாரி எழுதினார். அவனை எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அது எங்களுக்கு மட்டும் நடந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"அழுறியா?" என்றாள் கைரியா. இல்லை, சிரித்தேன். இரண்டும்தான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மே 17, புதன்

முக்கியமான கட்டுரை பூட்டிக் கிடக்கிறது. முதல் பக்கம் மட்டும் காட்டுகிறது. எங்கள் நூலகத்துக்கு அந்தச் சஞ்சிகை வருவதில்லை. எழுதிய பேராசிரியையின் மின்னஞ்சல் அடியில் இருந்தது. ஸ்பெயினில் இருக்கிறார். கேட்டுவிட்டேன். திட்டுவாரா?

மே 19, வெள்ளி

அனுப்பிவிட்டார். கேட்டதையும், கேட்காத நான்கையும். "உங்கள் தீவிலிருந்து எங்களுக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. உங்கள் ஆய்வை எனக்கும் அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறார்.

என்னுடைய ஆய்வு. அது இன்னும் ஆய்வே இல்லை, பேராசிரியை. கண்டி பஸ் தரிப்பிடத்தில் நின்று இதைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் பஸ்ஸை விட்டுவிட்டேன். கவலையே வரவில்லை.

மே 20, சனி

பூட்டிக் கிடந்த கட்டுரையை முழுதாக வாசித்தேன். நடுவில் ஒரு தாய் சொல்கிறாள்: நடந்ததை எல்லாம் நான் சொல்லவில்லை, என் மகள் சொல்லக்கூடியதை மட்டும்தான் சொன்னேன்.

அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

அம்மா?

மே 21, ஞாயிறு

மடுல்கெல்லைக்கு, வீட்டுக்குப் போனேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு பொலிஸ்ல எல்லாத்தையும் சொன்னீங்களாம்மா?"

கத்தி நிற்கவில்லை.

"தள்ளிவிட்டான்னு சொன்னேன்."

"வேற?"

"தள்ளுனது மட்டும் இல்ல. அவன் செஞ்சதையெல்லாம் ஒன் வாயால சொல்ல வைக்கச் சொல்றியா? பச்சப்புள்ள நீ. அந்தப் பொலிஸ்காரரு தப்பா ஒன்னும் நடக்கல, பாவம், நல்லாத்தான் கேட்டாரு. அவருக்கு ஒன்ன விட்டா வேற ஆளு இல்ல. எனக்கும் இல்ல."

பிறகு அம்மாவே கேட்டாள். "இதெல்லாம் எங்க படிச்ச?"

அந்த ஸ்பெயின் கட்டுரையைச் சொன்னேன். அந்தத் தாய் எந்த நாடு, அவளுக்கு எத்தனை பிள்ளைகள், பிறகாவது யாரிடமாவது சொன்னாளா — அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதி கேள்விக்குக் கட்டுரையில் பதில் இல்லை.

மே 29, திங்கள்

சேர் இம்முறை புரட்டவில்லை, வாசித்தார். நான் முந்திக்கொண்டேன். "இலங்கையப் பத்தி மட்டும் ஒன்னும் கிடைக்கல சேர்."

"எங்கெங்க, எந்தெந்தச் சொல்லுப் போட்டுத் தேடினீங்கள் எண்டு எழுதியிருக்கிறீங்கள்தானே. இவ்வளவு தேடியும் இல்லை எண்டா, இந்த ஆய்வைச் செய்யிறதுக்கு அதுதான் காரணம். செய்யுங்கோ."

பல்கலைக்கழகச் சந்தியில் கைரியாவுக்குப் பலூடா வாங்கிக் கொடுத்தேன். அவள் இரண்டு கேட்டாள். கொடுத்தேன்.

ஜூலை 14, வெள்ளி

பேட்டி எடுக்க நெறிமுறைக் குழு அனுமதி தந்துவிட்டது. பொலிஸில் பிள்ளையை வைத்துப் பேசிய தாய்மார் ஆறு பேர் சம்மதித்திருக்கிறார்கள். ஏழாவதாக அம்மா தானே கேட்டாள், "என்னைய எழுதிக்க மாட்டியா?" சேரிடம் சொன்னேன். பெற்ற தாயை நான் பேட்டி எடுக்கக்கூடாதாம். தமிழ் தெரிந்த வேறொருவர் எடுக்கலாம். பெயரில்லாமல், அம்மா சம்மதிக்கிற வரிகள் மட்டும் என் கைக்கு வரும்.

அம்மா யோசிக்கவே இல்லை. "அப்ப அந்தக் கைரியாப் புள்ளய அனுப்பு."

ஓகஸ்ட் 13, ஞாயிறு

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பேட்டி. வேலை நாளில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஞாயிறில் ஆள் இருக்காது. அம்மா நல்ல சேலை கட்டி வந்தாள். கைரியா கதவைச் சாத்தினாள். நான் வெளியே படியில் உட்கார்ந்தேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. கேட்க முயற்சிக்கவும் இல்லை.

வெகுநேரம் கழித்துக் கைரியா கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"எங்க முடியிற? ரெக்கோட் பண்ற போன்ல சார்ஜ் போகப் போகுது. சார்ஜர் ஈக்கா? ஒன்ட அம்மா இப்பத்தான் பேசவே தொடங்கியிருக்கிறாங்க."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.