புஷ்பவள்ளி இந்த வீட்டில்தான் இருப்பாள்

கடலூர்
12-9-64

சிரஞ்சீவி சபாபதிக்கு உன் அம்மா விருத்தாம்பாள் ஆசீர்வதித்து எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, பினாங்கில் நீயும் மருமகள் சுலோசனாவும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று பாடலீசுவரரை வேண்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். இங்கே மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் மழை, கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நலம் விசாரித்தது இரண்டு வரி, மீதியெல்லாம் புஷ்பவள்ளியை உடனே வீட்டைவிட்டு அனுப்பு என்பதுதான். கலியமூர்த்தி உனக்கு எழுதியிருக்கிறான் என்று புரிந்துகொண்டேன். எனக்குத் தம்பி, உனக்கு மாமனார், அவன் சொன்னால் நீ கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவன் எழுதியது பாதிதான். மீதியை நான் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

உன் அப்பாவை மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைக்குக் கணக்கு எழுதியவராகத்தான் உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவர் நாடகத்தில் ராஜபார்ட். அவருக்கு ஜோடியாக ஸ்திரீபார்ட் பாடியவள் இந்தப் புஷ்பவள்ளி. முப்பத்து நாலாம் வருஷம் இரண்டு பேரையும் மதராசுக்கு அழைத்துப்போய்க் கிராமபோன் பிளேட்டில் பாடவைத்தார்கள், வேடனும் குறத்தியும் தர்க்கம் பண்ணுகிற பாட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிஷம். அந்த வருஷம் திருப்பாப்புலியூர் கடைத்தெருவில் எந்தக் காப்பி கிளப்பைத் தாண்டினாலும் அந்தப் பிளேட்தான் ஓடும். நான் அப்போது புதுப்பெண். காய் வாங்கப் போனால் என் புருஷன் இன்னொருத்தியைக் கெஞ்சிக் கொஞ்சுவது தெரு முழுக்கக் கேட்கும், கடைக்காரன் என் முகத்தைப் பார்ப்பான். ஊரில் என்னென்னவோ பேசினார்கள், நானும் நம்பினேன். பேசும்படம் வந்து நாடகக் கம்பெனி கலைந்துபோன பிறகும் அவள் பெயரை இந்த வீட்டில் எடுக்க நான் விட்டதில்லை.

இந்த வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போயிருந்தேன். கீழச் சன்னதியில் பூக்கடை ஓரமாக ஒருத்தி முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை, குரல் தெரிந்தது. அத்தனை வருஷம் வெறுத்துக் கேட்ட குரல் மறக்குமா. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரில் நிற்பது யார் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் பேசாமல் திரும்பிவிட்டேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் ஆயிற்று. வண்டி கிளம்புகிற நேரத்தில் இப்படியே ஊருக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது, இறங்கி நடந்தேன். நான் காசிநாதன் சம்சாரம் என்றதும் அவள் துண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். கையைப் பிடித்து உட்காரவைத்து, முப்பது வருஷமாகக் கேட்க நினைத்ததை அந்தத் தெருவிலேயே கேட்டேன். அவள், "அக்கா, பிளேட்டுலதான் நாங்க ஜோடி. மதராசுக்குப் போவும்போதுகூட அவரு ஒரு ரயில் பொட்டி, நான் ஒரு பொட்டி. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்" என்றாள். சாட்சி கேட்க யாரும் உயிரோடு இல்லை. நம்புவது என்று நான் முடிவு செய்தேன். திருவதிகையில் அண்ணன் வீட்டில் இருந்தாளாம், அவர் போன பிறகு பிள்ளைகள் இடம் கொடுக்கவில்லையாம். அன்றைக்கே கையோடு கூட்டி வந்துவிட்டேன்.

கலியமூர்த்தி மறுநாளே வந்தான். வாசற்படி தாண்டவில்லை. "அவ இருக்கிற ஊட்ல நான் கைய நனைக்க மாட்டேன், அக்கா. எம் பொண்ணு வாழப்போன ஊடு இது, நாலு பேரு இன்னா பேசுவாங்க" என்றான். அந்த நாலு பேர் பேசினதைக் கேட்டுத்தாண்டா நான் இத்தனை வருஷம் வெந்தேன், இனிமேல் கேட்கிறதாக இல்லை என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். எனக்கு வருத்தம்தான், கூடப் பிறந்தவன் அல்லவா. ஆனாலும் அடுத்த வாரமே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்யவைத்தேன். நர்சம்மா என்ன உறவு என்று கேட்டாள், தங்கச்சி என்று எழுதச் சொன்னேன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து கண்ணாடி மாட்டிக்கொண்டதும் அவள் முதலில் பார்த்தது கூடத்தில் மாட்டியிருக்கிற அப்பா படத்தை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, முடியெல்லாம் இப்படிக் கொட்டிப்போச்சு அவருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சிரித்தாள், அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

அவள் இருந்தால் தைக்கு வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ வந்தால் எல்லோரும் சேர்ந்து பொங்கல் வைப்போம், வராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் வைப்போம். உன்னை மிரட்டுவதாக நினைக்காதே, பெற்றவளுக்குப் பிள்ளை முகம் பார்க்க ஆசை இருக்காதா. ஆனால் அதற்காக ஒருத்தியை மறுபடி தெருவில் உட்காரவைக்க மாட்டேன். சுலோசனாவிடம் இந்தக் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டு, அவள் அப்பன் மாதிரி இல்லை, புரிந்துகொள்வாள். குழந்தைக்குச் சளி இருக்கும்போது தலைக்கு ஊற்றவேண்டாம் என்று சொல்.

உனக்கு ஒரு வேலை. அங்கே பழைய பிளேட் விற்கிற தமிழாள் கடை இருப்பதாக முன்னே எழுதியிருந்தாய். காசிநாதன், புஷ்பவள்ளி என்று பெயர் போட்ட பிளேட் இருக்கிறதா என்று தேடு. நம் வீட்டில் இருந்தது, நீ கைக்குழந்தையாக இருந்தபோது பரணிலிருந்து விழுந்து உடைந்தது என்று அப்பாவிடம் சொன்னேன். அது விழவில்லை, நான்தான் அம்மியில் வைத்து உடைத்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் துண்டுகளைப் பொறுக்கினார். நேற்று இதைப் புஷ்பவள்ளியிடம் சொன்னேன். "ரெண்டாம் பக்கத்துல எனக்குச் சுருதி எறங்கியிருக்கும், ஒடஞ்சது நல்லதாப் போச்சு" என்றாள். நல்லதாக ஒன்றும் போகவில்லை. எனக்கு அது வேண்டும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். எப்படியாவது தேடி எடுத்துக்கொண்டு வா.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்கவேண்டும்.

உன் அம்மா
கா. விருத்தாம்பாள்