கெல்லரிடம் சொன்னதெல்லாம்

லாங்கன்தால், 1998

பிப். 2, திங்கள்
மூடுபனி. ஐந்து நாளாக எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. பத்து மணிக்குத் தபால். பழுப்பு உறை, தடிமன். பிரித்துப் பார்க்கவே வேண்டாம். இந்த நாட்டில் வேலை இல்லை என்றால் நாம் அனுப்பிய கோப்பை அப்படியே திருப்பி அனுப்புவார்கள். தடித்த உறை என்றால் இல்லை. வேலை உண்டு என்றால் போன் வருமாம். எனக்கு இதுவரை போன் வந்ததில்லை.

அனுப்பியது 31. திரும்பியது 27. மீதி நாலு எங்கே போயிற்றோ.

இந்தக் கடிதத்தில் ஒரு வரி புதிது. 1980–95க்கு வேலைச் சான்று இல்லையாம். இங்கே மூன்று மாதம் பெட்டி தூக்கினால்கூட முதலாளி ஒரு சான்று எழுதிக் கொடுக்கிறார். சான்று இல்லாத வருடம் ஜெயிலில் இருந்த வருடம் மாதிரி பார்க்கிறார்கள்.

மாலை ரெஸ்டாரண்ட். பாத்திரம். வலது கை விரல் வெடித்திருக்கிறது. வாஸலீன் வாங்க வேண்டும்.

பிப். 4, புதன்
பனி விலகவில்லை. மனைவி வசந்தாவுக்கு முதியோர் இல்லத்தில் காலை டியூட்டி, ஐந்தரைக்கே போய்விட்டாள்.

சும்மா இருந்ததில் யோசனை. பட்டாளத்தில் பதினைந்து வருடம். சிக்னல்ஸ். முதல் பத்து வருடம் செய்திகளைக் குறியீடாக மாற்றி அனுப்பும் சங்கேதப் பிரிவு, கடைசி ஐந்து வருடம் கம்ப்யூட்டர், கோபோல் மொழியில் புரோகிராம். சங்கேதப் பிரிவில் சேர்க்கும் முன்னால் போலீஸ் என் ஊர் குடியாத்தம் வரை போய் ஹெட்மாஸ்டர், டீக்கடைக்காரர், பக்கத்து வீடு எல்லாம் விசாரித்தது. பிறகு ரகசியம் காப்பேன் என்று ஐந்து தாளில் கையெழுத்து. இவனை நம்பலாம் என்று அரசாங்கமே முத்திரை குத்திய ஆள் நான். அந்த முத்திரையைக் காட்ட முடியாமல் ஒளித்து வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிறேன்.

ஏன் ஒளிக்கிறேன்? விண்ணப்பங்களை எல்லாம் ஜெர்மனில் எழுதித் தந்தவர் யோகன் அண்ணன். 85-லேயே இங்கே வந்தவர், யாழ்ப்பாணம். நான் 87 முதல் 89 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தேன், அங்கே சண்டை போட்ட இந்தியப் பட்டாளத்தோடு. அவரிடம் அதை எப்படிச் சொல்வது? "அரசுத் தொலைபேசித் துறையில் வேலை" என்றேன். அவரும் அப்படியே எழுதினார்.

பொய் சொல்லி இரண்டு வருடம். அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அவரை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது.

பிப். 7, சனி
அண்ணன் வீட்டில் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறி, இடியப்பம், சொதி. அண்ணன் இங்கே ஒரு மெஷின் கம்பெனியில் ஸ்டோரில் பெட்டி அடுக்க ஆரம்பித்து, இப்போது கம்ப்யூட்டர் அறையில் ஆபரேட்டர். தானே படித்து ஏறியவர். அவர் கம்பெனிக்கு இப்போது ஆள் வேண்டுமாம். பழைய புரோகிராம்களில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், 2000 வந்தால் கம்ப்யூட்டர் அதை 1900 என்று நினைத்துக்கொள்ளும். எல்லாம் கோபோல்.

அண்ணன்: "உம்மட பேரைக் குடுத்திட்டன். ஆக்களை எடுக்கிற பெர்சனல் சீஃப் கெல்லர் நல்ல மனுசன். வாற வாரம் கோல் பண்ணுவார். நீர் பயப்பிடாமக் கதையும்."

சொந்த அண்ணன்கூட எனக்காக இவ்வளவு செய்ததில்லை.

அண்ணனின் மனைவி புவனா அக்கா என்னைக் கேலி செய்தார். "சேகர் தம்பி நடக்கேக்கை பாருங்கோ, பொலிஸ்காரர் போறமாதிரி." எல்லாரும் சிரித்தார்கள். பள்ளியில் என்.சி.சி. என்று நானும் சிரித்தேன். அப்புறம் அண்ணன் ஊர்ப் பேச்சு. சந்தியில் தபால் கந்தோர், அதைத் தாண்டினால் வளைவு, வளைவில் அவர் வீடு. அந்தச் சந்தி எனக்குத் தெரியும். வளைவும் தெரியும். "அப்படியா அண்ணே" என்று முதல் தடவை கேட்பவன் மாதிரி கேட்டேன்.

திரும்பி வரும்போது வசந்தா: "சொல்லிடுங்க. வேற யார் வாயாலயாச்சும் தெரிஞ்சா அசிங்கம்."
"வேலை கிடைக்கட்டும்."
"கிடைச்சப்புறம் சொன்னா இன்னும் அசிங்கம்ங்க."
அவள் சொன்னது சரி என்பதால்தான் கோபம் வந்தது.

பிப். 9, திங்கள்
போன் வந்தது. கெல்லரேதான். வியாழன் இரண்டு மணி. எல்லாச் சான்றுகளையும் கொண்டு வரச் சொன்னார்.

எல்லாச் சான்றும் என்றால் என்னிடம் ஒன்றே ஒன்று. பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம்.

பிப். 11, புதன்
முடி வெட்டியாச்சு. ஷூ பாலிஷ். வசந்தா அயர்ன் செய்து வைத்தாள். புத்தகம் பையில் போகிறதா இல்லையா? மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவை எடுத்தேன். அண்ணனுக்கு போன் செய்து சொல்லிவிடலாம் என்று நம்பரும் சுழற்றினேன். புவனா அக்கா எடுத்தார். "நாளைக்கு வடிவாச் செய்யும் தம்பி, நான் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிறன்" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பிப். 12, வியாழன்
வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கெல்லருக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய கை. அறைச் சுவரில் ஒரு படம், இருபது பேர் யூனிஃபார்மில், நடுவில் இவர். இந்த நாட்டில் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் சட்டப்படி வருடத்தில் சில வாரம் சிப்பாய்கள். ஆபீஸில் மேலதிகாரி என்றால் பட்டாளத்திலும் அதிகாரியாக இருப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் மண்டையில் ஏறவில்லை.

கோபோல் கேள்விகள் நல்லபடியாகப் போயின. பிறகு கோப்பைப் புரட்டினார். பதினைந்து வருடத்துக்கு ஒரு சான்றும் இல்லையே, ஏன் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த மூடி "டக்" என்றதும் இருபத்தெட்டாவது பழுப்பு உறை என் கண்ணுக்குத் தெரிந்தது.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் முதல் பக்கம் படித்தார். எழுந்து நின்றார். மேஜையைச் சுற்றி வந்து கை கொடுத்தார். அவர் மேஜராம். அதுவும் சிக்னல்ஸ். இதை ஏன் மறைத்தீர்கள், இதைவிட நல்ல சான்று ஏது என்றார். காபி வந்தது. அவர் கேட்டார், நான் சொன்னேன். அவர் கேட்காததையும் சொன்னேன். சங்கேதப் பிரிவு, யாழ்ப்பாணத்தில் இருந்த இரண்டு வருடம், என்ன கருவி, ஒரு நாளைக்கு எத்தனை செய்தி, எத்தனை முகாமுக்கு எங்கள் அறை வழியாகப் போனது, ஜெனரேட்டர் நின்றால் என்ன செய்வோம். பத்து வருடமாக எவரும் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. மடை திறந்த மாதிரி பேசினேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவர் என்னைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போனார். அண்ணன் டேப் மாட்டிக்கொண்டிருந்தார். கெல்லர் என் தோளில் கை வைத்து, முகமெல்லாம் சிரிப்பாக, உங்கள் நண்பர் போர்வீரர், உங்கள் ஊரிலேயே இரண்டு வருடம் இருந்திருக்கிறார், இதை நீங்கள் சொல்லவே இல்லையே என்றார். அந்த மனிதருக்கு எங்களைச் சேர்த்து வைத்த நினைப்பு. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அண்ணன் சிரித்தார். கெல்லருக்காகச் சிரித்தார். "யா, யா" என்றார்.

கெல்லர் போன் பேச நகர்ந்ததும் தமிழில்:
"எத்தினையாம் ஆண்டு?"
"எண்பத்தேழு, அண்ணே."
"எவ்வளவு காலம்?"
"ரெண்டு வருஷம்."
"ம்."
டேப்பைச் சுழல விட்டார். என்னைப் பார்க்கவில்லை.

பிப். 14, சனி
லேசாக வெயில். மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். புவனா அக்கா கதவைப் பாதி திறந்தார். "அவர் படுத்திருக்கிறார் தம்பி." உள்ளே அண்ணன் இருமுவது கேட்டது. வாருங்கோ என்று அக்கா சொல்லவில்லை. என்னை உள்ளே கூப்பிடாமல் அவர் பேசியது இதுதான் முதல் தடவை. கொண்டு போன ஆரஞ்சுப் பையை வாங்கிக்கொண்டார். அது போதும் என்று வந்தேன். போதவில்லை.

வசந்தா "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிப். 17, செவ்வாய்
மெல்லிய உறை. ஒப்பந்தம். மார்ச் 2 முதல். பிறகு கெல்லரின் போன்: வேலை பழக்கித் தர யோகநாதனிடம், அண்ணனிடம்தான், கேட்டாராம், சரி என்றாராம்.

ஒரு வார்த்தையில் கெடுத்திருக்கலாம். "இந்த ஆளோடு என்னால் வேலை செய்ய முடியாது" என்றால் கெல்லர் அவர் பக்கம்தான் நின்றிருப்பார். அண்ணன் அதைச் சொல்லவில்லை. இது மன்னிப்பா, இல்லை அவருடைய கண்ணியமா? எனக்கு விளங்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். வசந்தா கேசரி செய்தாள். பாதி அப்படியே மீந்தது.

பிப். 21, சனி
ரெஸ்டாரண்டில் கடைசி நாள். பாத்திர மெஷின் அடைத்துக்கொண்டது. நானே பிரித்துச் சுத்தம் செய்தேன். முதலாளியம்மா உடனே ஒரு வேலைச் சான்று அடித்துக் கொடுத்தார். நேரம் தவறாதவன், நம்பிக்கையானவன், எல்லோரோடும் நல்லபடியாகப் பழகுபவன்.

வாஸலீன் தீர்ந்துவிட்டது.

மார்ச் 2, திங்கள்
மழை. ஆறரைக்கே எழுந்தேன், ஏழரைக்கு அங்கே.

அண்ணன் எல்லாவற்றையும் காட்டினார். எந்த டேப் எங்கே, எந்த லிஸ்ட் எந்த அலமாரி, காபி மெஷினுக்கு எந்தக் காசு. ஒன்றையும் விடவில்லை. நான் தப்பு செய்த இடத்தில் பொறுமையாக இரண்டாம் தடவை காட்டினார். வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனித்தனி மேஜை.

நாலரைக்கு சைக்கிள் ஸ்டாண்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். பூட்டைத் திறந்தபடி, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஒண்டு கேக்கிறன். பழி போடக் கேக்கேல்லை."
"கேளுங்க அண்ணே."
"எண்பத்தெட்டிலை என்ர அப்பா செத்தவர். நெஞ்சு நோ. ஊரடங்கு நேரம். நான் இஞ்சை. தம்பியார் விடிய ஆமிக் காம்புக்குப் போய், ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக விடச் சொல்லித் துண்டு எழுதிக் குடுத்தவன். 'மேலை கேக்கோணும், இரு' எண்டவங்களாம். பின்னேரம்தான் ஓம் எண்டு வந்தது. அதுக்குள்ளை முடிஞ்சுது."

மழை ஓட்டுக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பிடி ஒரு துண்டு மேலை போய்த் திரும்பி வர உண்மையா எவ்வளவு நேரம் செல்லும்? நீர் அந்த வேலைதானே பாத்தது. பத்து வருசமா எனக்கு இது தெரியோணும். அவ்வளவுதான்."

அண்ணே, ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்த வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்றேன்.

"ஓம். விளங்குது." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மழையில் ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனார்.

வீடு. வசந்தா மாலை டியூட்டி. ஈரச் சட்டையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட்டது உண்மை. ஆனால் ஒரு வேலைக்காக கெல்லரிடம் இரண்டு காபியில் கொட்டித் தீர்த்தேனே, அப்போது அந்தக் கையெழுத்து எங்கே போயிருந்தது? அவர் கேட்காததைக்கூடச் சொன்னேன். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இது. அவர் ஊர் முகாம் எங்கள் அறையோடு பேசிய முகாம்தான். பொதுமக்கள் துண்டுக்குச் சங்கேதம் கிடையாது, முகாம் வயர்லெஸ்ஸில் சொல்வதை எழுதி அடுத்த அறையில் அதிகாரி மேஜையில் வைத்தால் போதும், அவர் இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போடுவார். பத்து நிமிட வேலை. அந்த மாதிரித் துண்டுகளை நான் மற்றதெல்லாம் முடித்துவிட்டு, சாயங்காலம் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எழுந்து போக அலுப்பு.