பிரான்சிஸ் கை காட்டினால் நிற்கும்

ஜூன் 9, திங்கள்

புது வீட்டில் இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை. பெருமுக்கல் போகும் வழியில் மனை வாங்கி, இவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. வருகிறவர்களெல்லாம் 'காத்து நல்லா வருது' என்கிறார்கள். வரட்டும். எனக்கு வர வேண்டியது டவுன் பஸ். அதில் திண்டிவனம் போய், விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தால்தான் கல்லூரி நூலகத்தைத் திறக்க முடியும். பழைய வாடகை வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடுவேன்.

இன்றும் பஸ் நிற்கவில்லை. பெண்கள் மட்டும்தான் நின்றிருந்தோம். டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஜூன் 11, புதன்

கட்டட வேலைக்குப் போகும் சவுரியம்மாள் வழி சொன்னாள். "பொம்பளைங்களுக்கு ஓசி டிக்கெட்டாச்சே, நிறுத்த மாட்டான் டீச்சர். முன்னால ஒரு ஆம்பள நிக்கணும்." எதிரே டீக்கடையைப் பார்த்துக் கத்தினாள். "பிரான்சிஸண்ணே, ஜல்தி! வந்துகினு இருக்குது!"

பிரான்சிஸ் பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கை காட்டினார். நின்றது. நாங்கள் ஏறினோம். "எனக்கும் ஒரு பென்ஷன் போட்டுக் குடுக்கச் சொல்லுங்கடி" என்றபடி டீ ஆற்றப் போய்விட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

அப்புறம் ஏன் நாள் முழுக்க ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை?

ஜூன் 17, செவ்வாய்

டீக்கடை பூட்டியிருந்தது. பிரான்சிஸ் மகள் வீட்டுக்குக் கண்டாச்சிபுரம் போயிருக்கிறாராம். பஸ் வந்தது, போனது. அடுத்ததும். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பூட்டிய நூலக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆள் பாக்க வேண்டியதுதாம்மா" என்றார் முதல்வர்.

இவரிடம் சொன்னேன். விடியுமுன் பைக்கில் ஸ்டேஷனுக்குப் போய், ரயிலேறிவிடுகிற மனுஷன். "வேலைய உட்டுடேன். சொந்த வீட்ல நிம்மதியா இரு."

நிம்மதியா — எங்க? ஹால்லயா, பால்கனிலயா? ஸ்கூட்டி கத்துக்கணுமாம். இந்த உப்பு லாரிங்களுக்கு நடுவுலயா? கடைக்குப் போவணும்னாக்கூட இவர் எப்ப வருவார்னு பாத்துக்கினு இருக்கணும். இதுக்கா இவ்ளோ பெரிய வீடு?

ஜூன் 18, புதன்

ராஜினாமா எழுதினேன். கொடுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இவருக்கு லீவு. பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்றார். "வேணாம். ஸ்டாப்பிங் வரைக்கும் வாங்க, போதும்."

இவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் கை காட்டினோம். பஸ் போய்விட்டது. அடுத்தது தூரத்தில் தெரிந்ததும் சவுரியம்மாள், "சார், இப்ப நீங்க முன்னால வாங்க" என்றாள். இவர் கையை நீட்டினார். நின்றது.

"ஏறலியா? அப்பறம் இன்னாத்துக்குக் கைய நீட்டுன?" — கண்டக்டர்.

பஸ் கிளம்பியதும் ஜன்னல் வழியே பார்த்தேன். இவர் நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நான் கேட்காமலே பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

சவுரியம்மாளிடம் சொன்னேன். "நீ போய்டுவ டீச்சர். எங்களுக்கு பிரான்சிஸ்தான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

புது வீட்டை வாடகைக்குப் பார்க்க ஒருவர் மனைவியோடு வந்தார். மொட்டை மாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருதுங்க" என்றார்.

இவர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "நீங்க வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டார்.