நோயாளிகளுக்கும் மழைக்கும் நடுவில்

கோவில் பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், அக்கா. இன்று காலை உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை. போன வாரம் அடித்தது, இன்னும் சரியாகக் காயவில்லை. எழுந்து நிற்கும்போதெல்லாம் துணி ஒட்டி விடுபடும் சின்னச் சத்தம். நம் சபை யாரையாவது வெளிதேசத்துக்கு அனுப்பும்போதுதான் பெஞ்சுகள் பளபளக்கும். போன ஞாயிறு இன்னொரு பெண்ணை அனுப்பினோம். கன்னட சபைப் பெண். நர்ஸ். உன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள்.

மற்றபடி எதுவும் மாறவில்லை. காலையில் இங்கிலீஷ் ஆராதனை. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர்கள் போக மிச்சமிருக்கும் ஆங்கிலோ இந்தியர்கள். பிறகு நாம். நாம் எழுந்த பெஞ்சின் சூடு ஆறுமுன் கன்னடக்காரர்கள் வந்து உட்கார்வார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று சபைகள், வாசலில் பார்த்தால் ஒரு தலையசைப்பு. சேர்ந்து செய்யத் துணிந்தது ஒன்றுதான். கடல் தாண்டி ஆள் அனுப்புவது. முதல் ஆள் நீ.

போகிறேன் என்று நீ சொன்ன அன்று வீட்டில் நடந்தது நினைவிருக்கிறது. சித்தப்பாதான் ஆரம்பித்தார்.

"வெள்ளைக்காரனே மூட்டை கட்டிட்டுப் போயிட்டான். இப்ப நீ மூட்டை கட்டறியா? இங்க பக்கத்துல ஒக்கலிபுரத்துல போய் ஊழியம் பண்ணேன், அங்க ஆளா இல்ல?"

"யாரோ கடல் தாண்டி வந்ததாலதான் உங்க பேரு சாமுவேல், சித்தப்பா. இல்லன்னா முனுசாமி" என்றாய்.

அவரே சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. ஊறிய அவரைக்கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நீ தாய்லாந்து என்றாய். அம்மாவுக்கு அது சயாம். மலாயாத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த மாமாவை யுத்தத்தின்போது ஜப்பான்காரன் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போன சயாம். எங்கே விழுந்தார், யார் புதைத்தார்கள், எதுவும் தெரியாது.

"என் தம்பிய எடுத்த ஊரு. உன்னையும் கேக்குதா?"

"ஊரு எடுக்கலம்மா. யுத்தம் எடுத்தது."

"அவன் கல்லறையத் தேடிக்கிட்டா போற?"

"கல்லறைக்கு நர்ஸ் எதுக்கும்மா? உசிரோட இருக்கறவங்களுக்காகப் போறேன்."

அம்மா மறுபடி அவரைக்கொட்டையைப் பிதுக்கத் தொடங்கினாள். நீ கெஞ்சவில்லை. ஆனால் அம்மா சம்மதிக்காவிட்டால் நீ போக முடியாது. பெற்றவர்கள் சபையின் முன் எழுந்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

அப்போது நான் கல்லூரியில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். கோவிலில் கடைசி பெஞ்ச். கடவுள் இருக்கிறார் என்று எப்படி இவ்வளவு நிச்சயமாய்ச் சொல்கிறாய் என்று உன்னைக் கேட்டேன். "நீ சந்தேகப்பட்டுக்கிட்டே இரு. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாய். ஏதோ ரஸல் மார்க்கெட்டுக்குப் போய் வருவது போல.

அந்த ஞாயிறு மூன்று சபையும் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. போதகர் கேட்டார்: "உங்கள் மகளை மனப்பூர்வமாய் அனுப்புகிறீர்களா?" அம்மா எழுந்தாள். நின்றுகொண்டே இருந்தாள். நீ தலை குனிந்திருந்தாய். உன் கழுத்தின் பின்புறம் மட்டும் எனக்குத் தெரிந்தது.

"அனுப்பறேன், ஐயா. ஆனா வாராவாரம் நீங்க எல்லாரும் அவ பேரைச் சொல்லணும். 'ஊழியக்காரி'ன்னு பொதுவா இல்ல. பேரு. மூணு பாஷையிலயும்."

போதகர் சரி என்றார். சொன்னபடி செய்தார்கள். ஜெபத்தில் நோயாளிகளுக்காக வேண்டி முடித்ததும் உன் பெயர் வரும். அதன் பிறகு மழைக்காக வேண்டுவார்கள். அம்மா மூன்று ஆராதனைக்கும் உட்கார்ந்திருப்பாள். இங்கிலீஷில் அவளுக்குப் புரிந்த ஒரே சொல் உன் பெயர். அதற்காகக் காத்திருப்பாள். நீ அங்கிருந்து எழுதினாய்: "இங்க என் பேரு யாரு வாயிலயும் நுழையல. புதுசா ஒண்ணு வெச்சிருக்காங்க. கூப்பிட்டா திரும்பிப் பாக்கவும் பழகிட்டேன்." அம்மா அதை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள்.

மூன்றாம் வருஷம் மழைக்காலம். காய்ச்சல். தந்தி வரும்போது உன்னை அங்கேயே அடக்கம் செய்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு போதகர் நோயாளிகளுக்காக ஜெபித்தார். நிறுத்தினார். மூச்சு விடும் நேரம். பிறகு மழை. நம் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை, அக்கா. போய்ச் சேர்ந்தவர்களுக்கு எங்கள் வேண்டுதல் தேவையில்லை என்பது போதனை. எனக்கும் அது தெரியும். ஆனால் அந்த இடைவெளி வாராவாரம் வந்தது. அம்மா அதற்கும் மூன்று தடவை உட்கார்ந்தாள்.

இன்று அந்த இடைவெளியில் அந்தக் கன்னடப் பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். அவள் கையைத் தொட்டேன். விலக்கினாள். இங்கிலீஷ் ஆராதனையில் அந்தப் பெயரைக் கேட்டாள், தமிழிலும் கேட்டாள். வெளியே வராந்தாவில் நின்ற கன்னடக்காரர்கள் உள்ளே வந்தார்கள். அந்த நர்ஸ் பெண்ணின் தாய் நம் பெஞ்சில் இடம் பார்த்தாள். அம்மா நகர்ந்து இடம் விட்டாள். பெயர் வந்ததும் இரண்டு பேரும் ஆமென் என்றார்கள். அம்மாவின் குரல்தான் பெரிது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"கஷ்டமா இல்லையாம்மா?"

"அந்தப் பொண்ணுக்கும் ஜுரம் வரும்லடா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "அவங்கம்மா பாவம், பயந்து போயிருக்கா" என்றாள்.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. வந்து சொல்கிறேன் என்றவள் நீ. ஆனாலும் நோயாளிகளுக்கான ஜெபம் முடிந்து, மழை தொடங்குமுன், என் உதடு அசைகிறது. போதகருக்குத் தெரிந்தால் தவறு என்பார். பக்கத்தில் அம்மா புதிய பெயரைக் கேட்டு ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் உன் பெயரைச் சொல்கிறேன்.