வழக்கை ஜெயித்த கல்யாண சிடி

ஏனுங்க,

இன்று சரவணம்பட்டியிலிருந்து மகள் வந்தாள். லேப்டாப்பில் மாட்டுகிற சிடி டிரைவ் ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருந்தாள். பீரோவிலிருந்து என் தம்பியின் கல்யாண சிடியை எடுத்தேன். நீங்கள் போன பிறகு அதைத் தொடவே இல்லை. உறையில் உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது.

துடியலூர்க் கடையில் பள்ளிப் பாடங்களை சிடியில் போட்டு விற்ற காலம். யாரும் நகல் எடுக்காமலிருக்க நீங்களே ஒரு பூட்டு கண்டுபிடித்தீர்கள். சிடியின் ஓரத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையை எழுதி வைப்பீர்கள். நகல் எடுக்கிற கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக அதைத் திருத்திவிடும். பிழை இல்லாத சிடி ஓடாது. வெளியே சொல்லாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

உங்கள் வாய் கேட்டால்தானே. தம்பி கல்யாணத்தில் அக்காவாக நான் இணைச்சீர்ச் சடங்குக்கு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். சீர் முடியாமல் எழுந்திருக்கக் கூடாது. கீழே நீங்கள், பந்திக்குப் போகிறவர்களை நிறுத்தி, வீடியோக்காரர் முன்னாலேயே அத்தனையும் விளக்குகிறீர்கள். நான் முறைப்பதும் பதிவாகியிருக்கிறது. அந்த சிடிக்கும் உங்கள் பூட்டையே போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தீர்கள்.

சில வருடம் கழித்து வெளியூர் கம்பெனி ஒன்றிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அந்தப் பூட்டுக்குக் காப்புரிமை தங்களுடையது, விற்பனையை நிறுத்துங்கள் என்று. கடை போய்விடுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் விண்ணப்பிப்பதற்கு முன்பே நாலு பேருக்குத் தெரிந்த விஷயம் என்றால் உரிமை நிற்காது என்றார் வக்கீல். சாட்சி உண்டா என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பீரோவைப் பார்த்தேன்.

சென்னையில் விசாரணை அறையில் நம் வீட்டுக் கல்யாணம் ஓடியது. மேடையில் முறைக்கிற அம்மா யார் என்று எதிர்த்தரப்பு வக்கீலே கேட்டுச் சிரித்தார். அவர்கள் விண்ணப்பித்ததற்கு முந்திய கல்யாணம் அது; காப்புரிமை ரத்தானது, கடை பிழைத்தது. ரயிலில் திரும்பும்போது மெல்லக் கேட்டீர்கள்.

"இனியாச்சும் பேசலாமா அம்மணி?"

மகளுக்கு உங்கள் குரல் போனில் வேண்டுமாம். எத்தனை முறை நகல் எடுத்தாலும் ஓடவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. "இரு கண்ணு, அப்பாவே சொல்றாரு, கேளு" என்று சிடியை ஓட்டினேன்.

"பூட்டச் சொல்லிப்போட்டுச் சாவியச் சொல்லாமப் போனா நல்லாருக்குங்களா? தப்பத் திருத்தாம அப்படியே எடுங்க, வந்துருமுங்க."

லேப்டாப் பிழையைத் திருத்தாதபடி மகள் மாற்றிவைத்தாள்; அப்படியே எடுத்தோம். வந்துவிட்டது.

எத்தனை வருடம் உங்களைத் திருத்தப் பார்த்தேன். இப்போது திருத்தாமல் போனில் வைத்திருக்கிறேன். மனசு நிறைந்திருக்கிறது. சமையல் முடியும்வரை பேசிக்கொண்டிருங்கள், நான் முறைக்க மாட்டேன்.