மூன்றாம் கிழமையில் வெட்டிய மாக்கட்டு

போன செவ்வாய்க்கிழமை குட்செட் பஸ் நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்து, வலது கணுக்கால் முறிந்துவிட்டது. தகடும் ஆணியும் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். உனக்கு முறிந்த அதே கால், அதே இடம். முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் வார்டில் ஓர் இளம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இதெல்லாம் இப்ப வந்த வசதி. என் கடைப் பங்காளிக்கு இருபது வருஷத்துக்கு முந்தி முறிஞ்சப்ப வெறும் மாக்கட்டுதான்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"அப்பவும் தகடு இருந்திச்சு அங்கிள். எனக்குப் படிப்பிச்சவங்களுக்குப் படிப்பிச்சவங்க காலத்துலேயே வச்சிருக்காங்க. கட்டுக்குள்ள எலும்பு விலகுதான்னு பார்க்கத்தான் ஒரு கிழமையில திரும்ப வரச் சொல்றது. விலகினா ஒபரேஷன். அவர் போகலியா?"



நீ போகவில்லை. நான் விடவில்லை. நம் துணிக்கடையில் தீபாவளி வியாபாரம். "கட்டுதான் போட்டாச்சே, திரும்ப எதுக்குப் படம்? லைன்ல நின்னே ஒரு நாள் போயிரும்" என்றேன். மூன்றாம் கிழமை, மாக்கட்டை வெந்நீரில் ஊறவைத்து, துணி வெட்டும் கத்தரிக்கோலால் நானே வெட்டி எடுத்து, உன்னைச் சேலைப் பக்கம் நிறுத்தினேன்.

"கால் கொஞ்சம் கோணலாத் தெரியுதேடா" என்றாய்.

"நீ எப்படா நேரா இருந்த?"

சிரித்தாய். அதற்குப் பிறகு கடைசிவரை விந்தித்தான் நடந்தாய். கால் கடுத்தால், "மழை வரப்போகுது, ரெயின்கோட்டை முன்னால தொங்கவிடு" என்பாய். நானும் தொங்கவிட்டேன். விற்றேன்.

அந்தக் காலத்து வைத்தியம் அவ்வளவுதான் என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

கட்டிலில் கிடந்தபடியே உன் மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருக்குத் தெரியும் அண்ணே. ரெண்டு வருஷம் கழிச்சு வேற டாக்டர்கிட்ட காட்டினப்பவே சொல்லிட்டாங்க. உங்க காதுக்குப் போகக்கூடாதுன்னுட்டாரு."

அதற்குப் பிறகு பதினாறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து பகல் சாப்பாடு சாப்பிட்டோம். ஒரு வார்த்தை சொல்லவில்லையேடா நீ! ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத அவர்கிட்டதான் கேக்கணும்" என்றாள். "எனக்கு ஒண்ணு செய்ங்க. டாக்டர் சொன்ன ஆறு கிழமையும் கால ஊனாதீங்க. படம் பிடிக்க வரச் சொன்ன நாளெல்லாம் போங்க. நானே கூட வாறேன், உங்கள நம்ப ஏலாது."

பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். ஆறு கிழமை கால் நிலத்தில் படாது. வியாழக்கிழமை முதல் படம். காலை ஏழு மணிக்கு உன் மனைவி ஓட்டோவோடு வாசலுக்கு வருவாள்.